ஒரே கம்பியில் போனும் பிராட்பேண்டும்: வீட்டு அலாரத்தை இணைக்கும் முறை, படிப்படியாக

சித்தி வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு நெட் போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும். லைன்மேன் இரண்டு முறை கம்பத்தில் ஏறிப் பார்த்தார். மோடத்தையும் மாற்றியாயிற்று. ஒரு ஞாயிறு நானே போய் உட்கார்ந்தேன். சரியாகப் பத்து மணிக்கு, சுவரில் இருந்த, திருடன் வந்தால் போனில் ஆளைக் கூப்பிடும் அலாரப் பெட்டிக்குள் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அந்த நொடியே மோடத்தில் பிராட்பேண்ட் வருவதைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அணைந்தது. அலாரம் வாரம் ஒரு முறை தானே டயல் செய்து தன்னைச் சோதித்துக்கொள்ளும்படி யாரோ செட் செய்து வைத்திருக்கிறார்கள்.

“சித்தி, உங்க அலாரம்தான் நெட்டைத் துண்டிக்குது.”

“களவாணியப் பிடிக்க வச்சது, எம்மவன் வீடியோ காலைப் பிடிக்குதாக்கும்?”

செங்கோட்டையில் எங்கள் பக்கம் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் கொல்லத்திலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். அதனால் அலாரமும் வேண்டும், நெட்டும் வேண்டும். இரண்டும் ஒரே ஜோடி செம்புக் கம்பியில் ஓடவேண்டும். தாராளமாக ஓடும். எதற்குப் பிறகு எது என்ற வரிசையில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்.

கம்பிக்குள் என்ன இருக்கிறது

ரிசீவரை எடுக்காத நேரத்தில் அந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். இது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து வருவது. நம் வீட்டுக் கரண்ட் போனாலும் போகாது. ரிசீவரை எடுத்தால் ஏறக்குறைய 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்கும். மணி அடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் சேர்ந்து வரும். கம்பியைக் கையில் பிடித்துத் தோல் சீவிக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால் சுரீரென்று தெரியும். பொதுவாக உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஏணி மேல் நின்றால் கீழே விழ வாய்ப்புண்டு.

நம் பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டைக்குள் அடங்கிவிடும். ஏடிஎஸ்எல் பிராட்பேண்ட் அதற்கு வெகு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஏடிஎஸ்எல்-2 பிளஸ் என்றால் 2.2 வரை. ஒரே சாலையில் கீழே மாட்டுவண்டி, மேலே மேம்பாலத்தில் பஸ் மாதிரி. இரண்டையும் பிரித்து விடுவது ஸ்ப்ளிட்டர் என்ற தீப்பெட்டி அளவு பெட்டி. அதில் ‘லைன்’, ‘போன்’, ‘மோடம்’ என மூன்று துளைகள் இருக்கும். போன் துளைக்குப் பின்னால் வடிகட்டி உண்டு. அது மேல் அலைகளைத் தடுத்துப் பேச்சை மட்டும் விடும். மோடம் துளையில் பெரும்பாலும் வடிகட்டி கிடையாது.

இனி அலாரம். திருட்டு நேரத்தில் அது வெளியே கூப்பிட்டாக வேண்டும். வந்தவன் ஹாலில் இருக்கும் போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் லைன் எங்கேஜ் ஆகிவிடும் இல்லையா? அதற்காகப் பெட்டிக்குள் ஒரு ரிலே உண்டு. டயல் செய்ய வேண்டிய நேரத்தில் தனக்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு லைனைத் தானே எடுத்துக்கொள்ளும். சித்தி வீட்டில் கேட்ட ‘டிக்’ அதுதான். அங்கே கம்பி முதலில் அலாரத்துக்குப் போய், அதற்குப் பின்னால்தான் ஸ்ப்ளிட்டரும் மோடமும் இருந்தன. ரிலே அதன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஆகவே வரிசை இது: வெளியிலிருந்து வரும் கம்பி, இடி தடுப்பான், ஸ்ப்ளிட்டர். ஸ்ப்ளிட்டரின் மோடம் துளையிலிருந்து நேராக மோடம். போன் துளையிலிருந்து அலாரம். அலாரத்துக்குப் பின்னால் வீட்டிலுள்ள எல்லா போன்களும்.

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி மைக்ரோ ஃபில்டர் (சின்ன வடிகட்டி) மாட்டி, அலாரத்துக்கும் ஒன்று மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். நெட் வேலை செய்யும்; ஆனால் போன்கள் அலாரத்துக்குப் பின்னால் இல்லாததால் லைனைப் பிடுங்கும் வசதி போய்விடும். அலாரம் வைத்ததன் பாதிப் பயன் அதோடு சரி.

முதல் வேலை: வீட்டைச் சுற்றி வருவது

திருப்புளியை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். போன் கம்பி வீட்டுக்குள் எங்கே நுழைகிறது, எந்த ரோசெட்டுக்கு (சுவரில் இருக்கும் போன் இணைப்புப் பெட்டி) வருகிறது, அங்கிருந்து எங்கெங்கே கிளை போகிறது என்று வரையுங்கள். எங்கள் ஊர் ஓட்டு வீடுகளில் முப்பது வருட வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். சித்தி வீட்டில் மச்சுக்கு ஒரு கிளை, கடைசி அறைக்கு ஒரு கிளை. இதுபோக, சித்தப்பா காலத்தில் மாட்டுத்தொழுவத்தில் மாட்டிய கூடுதல் மணி ஒன்று. மாடும் இல்லை, தொழுவமும் இப்போது விறகு அறை. மணி மட்டும் லைனில் தொங்கிக்கொண்டு பிராட்பேண்ட் அலையைத் தின்றுகொண்டிருந்தது. இப்படி மறந்துபோன கிளை ஒன்று ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் இருந்தாலும் மற்ற வேலை எல்லாம் வீண்.

கம்பத்திலிருந்து முதல் ரோசெட் வரை உள்ள கம்பி கம்பெனியுடையது. அதில் கை வைக்கக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம் நம் பாடு.

அடுத்து மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லைனின் இரைச்சலைத் தாண்டி நெட் அலைக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டுவது அது. 6 டெசிபலுக்குக் கீழே என்றால் லைன் ஏற்கெனவே தள்ளாடுகிறது. அலாரத்தைப் பிறகு குறை சொல்லிப் பயனில்லை. 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வேலை முடிந்ததும் இதே எண்ணை மறுபடி பார்க்கப் போகிறோம். மல்டிமீட்டரால் ரோசெட்டில் வோல்டேஜும் பார்த்து எழுதி வையுங்கள்.

வாங்க வேண்டியவை

நல்ல ஸ்ப்ளிட்டர் ஒன்று. நான்கு கம்பி உள்ள டெலிபோன் கேபிள், அல்லது கணினிக்கு இழுக்கும் கேட்-5 கேபிள். முறுக்கிய ஜோடி என்பதால் எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். ஜெல்லி அடைத்த கனெக்டர் பத்து: இங்கே ஜூனில் சாரல் தொடங்கினால் ஓட்டு வீட்டுச் சுவர் ஈரம் வாங்கிக்கொள்ளும், கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரே சீசனில் பச்சை பூத்துவிடும். இவற்றோடு ஒரு இடி தடுப்பான். அலாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி பெட்டியோடு வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இடி

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையடிவாரத்தில் அலாரப் பெட்டிகள் சாவது பெரும்பாலும் இதனால்தான். ஆரியங்காவுக் கணவாயின் இரு பக்கத்திலும் சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். ஐப்பசி மழையை மலையாளத்துக்காரர்கள் துலாவர்ஷம் என்பார்கள். மதியம் வரை வெயில், நான்கு மணிக்கு மேல் வெட்டு. மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. தூரத்துக் கம்பத்தருகே விழுந்தாலும் நீண்ட போன் கம்பியில் பாய்ச்சல் ஏறி உள்ளே வரும்.

இடி சத்தம் கேட்டதும் மோடத்தின் வயரைப் பிடுங்கி வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். நல்ல பழக்கம். ஆனால் அலாரத்தை அப்படிப் பிடுங்க முடியாது; ஊரே கதவடைத்து உள்ளே இருக்கும் நேரத்தில்தான் அது விழித்திருக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையில் இதற்கும் வழி உண்டு: மோடம் வயரை மட்டும் உருவினால் அலாரமும் போனும் தொடர்ந்து ஓடும்.

தடுப்பானாக வாயுக் குழல் (கேஸ் டிஸ்சார்ஜ் டியூப்) வகையை வாங்குங்கள். மூன்று கால் இருக்கும்: இரண்டு லைனுக்கு, நடுக்கால் எர்த்துக்கு. 230 வோல்ட் என்று போட்டது சரி. 90 வோல்ட் குழல் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். நிலையான 48-உம் மணியின் 75-உம் சேரும்போது உச்சத்தில் 150-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அது மின்னலென்று நினைத்துக் கடத்தத் தொடங்கும். வேரிஸ்டர் (வோல்டேஜ் ஏறினால் கடத்தும் சில்லு) வைத்த மலிவுப் பெட்டிகளும் வேண்டாம். அவற்றின் மின்தேக்குத் திறன் அதிகம் என்பதால் ஏடிஎஸ்எல் அலையை விழுங்கிவிடும். குழல் வகைக்கு அந்தக் குறை கிடையாது.

எர்த் இல்லாமல் மாட்டினால் அது வெறும் அலங்காரம். தடிமனான கம்பி, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. வீட்டு மெயினுக்கு இருக்கும் அதே எர்த்தில் சேருங்கள். போனுக்கென்று கொல்லையில் தனியாக ஒரு கம்பியை அடித்து வைத்தால், மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் ஏறி அது அலாரப் பெட்டி வழியாகவே பாயும்.

ஸ்ப்ளிட்டரை மாட்டுவது

ரோசெட்டில் லைன் வயரைக் கழற்றுங்கள். யாரையாவது அந்த நேரத்தில் போன் செய்யாதிருக்கச் சொல்லுங்கள். உள்ளே போகும் கிளைகள் எல்லாவற்றையும் ரோசெட்டிலிருந்து விடுவித்துவிட வேண்டும். அங்கே மிஞ்சுவது வெளியிலிருந்து வரும் ஒரே ஜோடி. அது தடுப்பானில் சேர்ந்து, ஸ்ப்ளிட்டரின் லைன் துளைக்குள் போகட்டும். மோடம் துளையிலிருந்து மோடத்துக்கு முடிந்தவரை குட்டையான வயர். மெயின் வயரோடு ஒட்டி ஓட விடாதீர்கள், ஒரு முழம் தள்ளியே போகட்டும்.

இந்த நிலையில் நிறுத்தி, மோடத்தைப் போட்டுப் பாருங்கள். டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பெரும்பாலும் மோடத்தைப் போன் துளையில் செருகியிருப்பீர்கள். ஒரு ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டும் ஆசையும் சிலருக்கு வரும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் ஆகிவிடும்.

அலாரத்துக்குப் போகும் நான்கு கம்பி

ஸ்ப்ளிட்டரிலிருந்து அலாரப் பெட்டிக்கு ஒரே கேபிளில் இரண்டு ஜோடி இழுங்கள். ஒன்று போகும் ஜோடி, மற்றது திரும்பும் ஜோடி. நான் எப்போதும் நீலத்தைப் போவதற்கும் ஆரஞ்சைத் திரும்புவதற்கும் வைப்பேன்; எதை வைத்தாலும் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

பெட்டிக்குள் நான்கு திருகுகள் வரிசையாக இருக்கும். பல பெட்டிகளில் டிப், ரிங், டி-1, ஆர்-1 என்று போட்டிருக்கும். சிலவற்றில் ‘லைன்’, ‘செட்’ என்று இருக்கும். ஸ்ப்ளிட்டரின் போன் துளையிலிருந்து வரும் நீல ஜோடி டிப், ரிங்கில். ஆரஞ்சு ஜோடி டி-1, ஆர்-1-இல். அந்த ஆரஞ்சு ஜோடி திரும்பி ரோசெட் பக்கம் வந்ததும், முதலில் கழற்றிப் போட்டிருந்த வீட்டுக் கிளைகள் எல்லாவற்றையும் ஜெல்லி கனெக்டரால் அதோடு சேருங்கள். தொழுவத்து மணியை மட்டும் சேர்க்காதீர்கள்.

இரண்டு ஜோடியையும் மாற்றி மாட்டிவிட்டால் போன் வேலை செய்யும், எல்லாம் சரி மாதிரித் தெரியும், அலாரம் டயல் செய்யும் நேரத்தில் மட்டும் கம்பெனி லைனைத் துண்டித்துவிட்டு வீட்டு போன்களோடு பேசிக்கொண்டிருக்கும். சோதனையில்தான் இது பிடிபடும்.

என்றைக்காவது அலாரப் பெட்டியை ரிப்பேருக்குக் கழற்றினால் வீட்டு போன்கள் எல்லாம் செத்துவிடும், ஏனென்றால் பாதையே அதன் வழியாகத்தான். அப்போது நீல ஜோடியின் இரண்டு கம்பியையும் ஆரஞ்சு ஜோடியின் இரண்டு கம்பியோடு, ஒன்றுக்கு ஒன்றாக, இரண்டு கனெக்டரால் சேர்த்துவிட்டால் போதும். அந்த இரண்டு கனெக்டரைப் பெட்டிக்குள்ளேயே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

டயல் எண்கள்: நான் மாட்டிக்கொண்ட இடம்

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னால் பூஜ்ஜியம் போட வேண்டும். அதற்கு முன் தமிழ்நாட்டு மொபைல்களுக்கு அது தேவையில்லை. வேறு மாநில மொபைலுக்குத்தான் போடுவோம். என் வீட்டு அலாரத்தில் ஐந்து எண்கள் வைத்திருந்தேன். நான்கு இங்கத்தியவை, ஐந்தாவது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இருக்கும் மாமாவுடையது. விதி மாறியதைப் பேப்பரில் படித்தேன். அலாரத்துக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது என்பது தோன்றவில்லை. அந்த வருடம் ஒரு நாள் பூனை ஜன்னலைத் தள்ளி அலாரம் அடித்தது. நான்கு எண்ணுக்கும் லைன் போகவில்லை. பூஜ்ஜியத்தோடு இருந்த ஐந்தாவது எண் மட்டும் போனது. இரண்டு தெரு தள்ளிக் கடையில் இருந்த எனக்குப் புனலூரிலிருந்து போன். “ஏடே, உன் வீட்டுல யாரோ பூந்துட்டானாம். நீ எங்க கெடக்கே?”

ஆகவே எல்லா மொபைல் எண்ணையும் பூஜ்ஜியத்தோடு பதியுங்கள். தென்காசி, செங்கோட்டை லேண்ட்லைன் என்றால் உள்ளூர் எண் மட்டும், 04633 தேவையில்லை. புனலூர் லேண்ட்லைனுக்கு 0475 சேர்க்க வேண்டும். முதல் எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும், துபாயில் இருக்கும் மகனுடையதல்ல. போலீசுக்கு நேராகப் பதிவுக் குரலை அனுப்பும்படி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு 112-ஐக் கூப்பிடுவதே முறை.

வெளிநாட்டுப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். நம் நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அதை 25 ஹெர்ட்ஸில் அசைத்தது. அந்த ‘கர்ர்’ அதனால்தான். அமெரிக்காவுக்குச் செய்த பெட்டி 350-உம் 440-உம் கலந்த டோனை எதிர்பார்த்துக் காத்திருக்கும். வராது; டயலும் செய்யாது. செட்டிங்கில் டயல் டோனுக்குக் காத்திருப்பதை அணைத்துவிட்டு, எண்ணுக்கு முன் மூன்று, நான்கு விநாடி இடைவெளி வையுங்கள்.

பேசும் டயலராக இருந்தால் பதிவு செய்ய பத்து, இருபது விநாடிதான் கிடைக்கும். வணக்கம் எல்லாம் வேண்டாம். எந்த வீடு, என்ன, என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். சித்தி வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கு மலையாளம்தான் சுலபம் என்பதால் இரண்டு மொழியிலும் பதிந்தோம்: “பெரிய தெரு சித்தி வீட்டில் அலாரம் அடிக்கிறது, உடனே பாருங்கள். சித்தியுடெ வீட்டில் அலாரம் அடிக்குந்நு, வேகம் வரணே.” சித்தியே பேசினார். மூன்றாவது முறைதான் சிரிக்காமல் முடிந்தது.

சோதனை

சைரன் வயரைக் கழற்றிவிட்டு, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒருவர் கணினியில் நீளமான வீடியோ ஒன்றை ஓட விடட்டும். இன்னொருவர் ஹால் போனை எடுத்துக் கீழே வைக்கட்டும், திருடன் வைப்பதைப் போல. நீங்கள் கதவைத் திறந்து அலாரத்தைக் கிளப்புங்கள். ‘டிக்’ கேட்க வேண்டும். ஹால் போனில் சத்தமே இல்லாமல் போக வேண்டும். பக்கத்து வீட்டு மொபைல் அடிக்க வேண்டும். டிஎஸ்எல் விளக்கு கண் சிமிட்டக் கூடாது. நான்கும் நடந்தால் கம்பி வேலை சரி.

அப்புறம் மெயினை அணைத்துவிட்டு இதையே மறுபடி செய்யுங்கள். மோடம் போய்விடும், அலாரம் பேட்டரியில் டயல் செய்ய வேண்டும். கடைசியாக ரோசெட்டில் லைனை உருவிப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்துப் பெட்டி ஒரு நிமிடம் போல் கழித்துக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் லைன் கண்காணிப்பை யாரும் ஆன் செய்யவில்லை என்று அர்த்தம். கம்பியை வெட்டிவிட்டு உள்ளே வருகிறவனுக்கு எதிராக நமக்கு இருப்பது அது ஒன்றுதான். வெளிச்சுவரில் ஆள் உயரம் வரை கம்பியைக் குழாய்க்குள் விடுவதும் நல்லது.

மோடத்தின் எஸ்என்ஆர் எண்ணை இப்போது பாருங்கள். சித்தி வீட்டில் 8-ஆக இருந்தது 13-க்கு ஏறியது. அந்த ஐந்தில் பெரும்பங்கு தொழுவத்து மணியுடையது என்பது என் கணிப்பு.

ஃபைபர் வந்துவிட்டால்

செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் கொடுக்கும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. அங்கே ஸ்ப்ளிட்டருக்கு வேலையில்லை. ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் போன் துளையிலிருந்து நேராக அலாரத்தின் டிப், ரிங்குக்கு, மற்றது முன்போலவே. ஆனால் இரண்டு விஷயம் மாறிவிடும். அந்த 48 வோல்ட்டை இப்போது எக்ஸ்சேஞ்ச் தரவில்லை, உங்கள் வீட்டுப் பெட்டியே தருகிறது. கரண்ட் போனால் போனும் போகும். 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று அவசியம். இன்னொன்று, வெளியே ஃபைபரை வெட்டினாலும் சில பெட்டிகள் போன் துளையில் வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அலாரம் லைன் நன்றாக இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கும்.

அதனால் ஃபைபர் வீட்டில் சிம் போடும் டயலர் ஒன்றைக் கூடவே வைக்கச் சொல்வேன். புளியரைப் பக்கம் வீடென்றால் சிம் சில நேரம் கேரள டவரைப் பிடிக்கும்; எண் தவறினால் மலையாளத்தில் பதில் வரும், பயப்பட வேண்டாம். அதில் எண்களைப் பூஜ்ஜியத்தோடு அல்ல, +91 போட்டுப் பதியுங்கள், எந்த டவரிலும் போகும். ரீசார்ஜ் தேதியையும் பெட்டிக் கதவின் உள்பக்கச் சீட்டில் எழுதுங்கள், நீலம்-ஆரஞ்சுக்குக் கீழே.